பாதித் திரை

வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுவிட்ட டாக்டர், "மவுஸைத் தொடவே கூடாது" என்றார். சொல்வது சுலபம். நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைப்பவள். திரையில் ஒரு பக்கம் ஆங்கில மூலம், ஒரு பக்கம் தமிழ், பின்னால் அகராதி. ஒன்றை இழுத்து ஒன்றைத் தள்ளியே என் நாள் போகும். கை போனால் வேலையும் போகும். துபாயில் இருந்த கணவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுப் பாரம் முழுவதும் இனித் தன் தலையில்தான் என்று அங்கே தூங்காமல் கிடப்பார்.

அதனால் சத்தமில்லாமல் கணினியில் கைவைத்தேன். திரையில் ஜன்னல்களை அடுக்கிக் கொடுக்கும் விண்டோ மேனேஜரை மாற்றினால், விசைப்பலகையிலேயே எல்லாவற்றையும் செய்யலாம் என்று படித்திருந்தேன். முதலில் போட்டது ஒரே ஆடம்பரம். எதைத் திறந்தாலும் துள்ளிக் குதித்து வந்து நிற்கும். என் பழைய லேப்டாப்புக்கு மூச்சு வாங்கியது. அடுத்தது கறுப்புத் திரையைக் காட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. மூன்றாவதுதான் ஒத்துவந்தது. அதில் ஒரு ஜன்னல்மேல் இன்னொன்று ஏறாது. புதிதாக எது வந்தாலும் இருக்கிற இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காரும்.

கணவர் தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டட வேலை நடக்கும் சைட்டிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார். அந்த ஜன்னலைப் பின்னால் தள்ளிவிட்டு, குரலை மட்டும் கேட்டபடி தட்டிக்கொண்டிருப்பது என் வழக்கம். அவருக்கும் தெரியும். "நீ எங்க என்னையப் பாக்கப் போற, காதை மட்டும் குடு" என்று கிண்டல் செய்வார்.

புதிய ஏற்பாட்டில் முதல் அழைப்பு வந்ததும் அவர் முகம் பாதித் திரையைப் பிடித்துக்கொண்டது. அதை ஒளித்துவைக்க நான் அமைத்திருந்த விசைகளை அழுத்தினேன். அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். விசைப்பலகை தமிழில் இருந்தது. அந்தக் குறுக்குவழிக்கோ ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும். இதைச் செய்த மகானுபாவர்கள், நாள் முழுக்கத் தமிழில் தட்டுகிறவள் ஒருத்தி இருப்பாள் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். மனதுக்குள் திட்டிக்கொண்டே நிமிர்ந்தேன்.

"இங்க ஒரே வெயிலு. சைட்ல நிக்க முடியல" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால் அடுக்குக் கட்டில் தெரிந்தது. ஆணியில் அவருடைய வேலைச் சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் தொங்கியது. அவருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஏங்க, ரூம்லயா இருக்கீங்க?"

"ஆமா... இன்னைக்கி லீவு."

"இப்பத்தானே சைட்டுன்னீங்க?"

என் ஜன்னலுக்குக் கீழே தெருவில் திருக்கோகர்ணம் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஆளக் கொறைச்சுட்டாங்க" என்றார் கடைசியில். "கொஞ்ச நாளாச்சு. அங்கிட்டு இங்கிட்டுன்னு வேற வேலை தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒனக்கு எதுக்குக் கவலைன்னு சொல்லல."

பொங்கிக்கொண்டு வந்தது எனக்கு. எத்தனை மதியம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வெயிலைப் பற்றிக் கதையளந்திருப்பார்! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர், "நீ பயப்படாதம்மா. ஒன் வேலை இருக்குல்ல? எனக்கு ஒண்ணு கெடைக்கிற வரைக்கும் அதை வச்சு ஓட்டிரலாம்" என்றார்.

கேட்க வந்ததை விட்டுவிட்டேன். கேமராவுக்குத் தெரியாமல் மேசையோடு கிடந்த வலது கையை, கட்டோடு தூக்கி அவருக்குக் காட்டினேன்.

பார்த்தார். போனைக் கவிழ்த்துவைத்தார். அழைப்பை மட்டும் துண்டிக்கவில்லை. ஒரு பாதியில் நான் முடிக்காத வரி. மறுபாதி முழுக்கக் கறுப்பு. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டது குரல்.

"ஆமாங்க" என்றேன்.