அஞ்சலை அத்தையின் விண்கலம்

பொன்னேரியில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில், உள்ளே நுழைந்ததும் கைப்பேசியை மேசை இழுப்பறையில் வைத்துவிடுவேன். அன்று காலை அது இழுப்பறைக்குள்ளேயே விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் நைனா, என் அப்பா. எங்கள் நைனா தானாக யாருக்கும் ஃபோன் செய்பவர் அல்ல. படிக்கட்டுப் பக்கம் போய்க் காதில் வைத்தேன்.

"அக்கா போய்ட்டாம்மா," என்றார். "கருவாட்டத் திருப்பிப் போட்டுகினு இருந்தா. அப்பிடியே குந்திட்டா. அவ்ளோதான்."

அவருடைய அக்கா, என் அஞ்சலை அத்தை. மேலாளரிடம் விடுப்புக் கேட்க வேண்டும். தெரிந்தவர்களிடம்கூட எனக்குச் சட்டென்று பேச்சு வராது. அவர் எதிரில் போய் நின்றேன். "வீட்ல துக்கமாம்மா?" என்று அவரே கேட்டார். தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் அவரைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் மீனவ ஊரான லைட்ஹவுஸ் குப்பத்தில் அத்தையைத் தெரியாதவர் இல்லை. பொன்னேரிச் சந்தையில் அவரிடம் கருவாடு வாங்கியவர்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். "மோந்து பாத்து வாங்கு தாயி, என் மூஞ்சியப் பாத்து வாங்காத" என்பார். ஆனால் மாலை நேரங்களில் வீட்டுக்குள் அவர் என்ன செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரும் சிரித்துவிட்டுப் போனார்கள். அத்தை பொம்மை வைத்து விளையாடினார்.

குழந்தைகள் ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கட்டைகள் அவை. விண்வெளிப் பயணத்துக்கென்று செய்த பழைய வெளிநாட்டு செட். சாம்பலும் நீலமுமாகக் கட்டைகள். மஞ்சள் கண்ணாடி போல் மறுபக்கம் தெரியும் துண்டுகள். குட்டிக் கிண்ணம் மாதிரி ஏரியல்கள். தலைக்கவசம் மாட்டிய இரண்டு ஆட்கள், ஒருவர் சிவப்பு, ஒருவர் வெள்ளை. அவர்கள் மார்பில் ஒரு கிரகமும் அதைச் சுற்றிப் பறக்கும் கலமும் தங்க நிறத்தில் அச்சிட்டிருக்கும். சிவப்பு ஆளுக்கு அது தேய்ந்து, வெயிலில் பிடித்தால்தான் தெரியும். எல்லாவற்றையும் அத்தை மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் வைத்திருந்தார்.

இளவயதில் அவர் சென்னையில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்தார். அந்த வீட்டின் ஒரே பெண் சுதா. சுதாவுக்கு அவருடைய மாமா ஜெர்மனியிலிருந்து வாங்கி வந்தது இந்த செட். அத்தை வேலைக்குச் சேர்ந்தபோது சுதா சிறுமி. ஊர் திரும்பியபோது பள்ளியை முடிக்கப் போகும் பெண். அந்தப் பொம்மை எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று சிறுவயதில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "வந்திச்சு" என்பார் அத்தை. மீனைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுபவர், இதற்கு மட்டும் அந்த ஒரு சொல்லோடு எழுந்து போய்விடுவார்.

படம் போட்ட பெட்டியும் எப்படிக் கட்டுவது என்று காட்டும் தாளும் எங்களிடம் வரவில்லை. அதனால் அத்தை தமக்குத் தெரிந்ததைக் கட்டினார். படகு கட்டினார். அவர் வாயில் அது 'போட்டு'.

அது சாதாரணப் படகு இல்லை. அதற்கு இறக்கை உண்டு, ஏரியல் உண்டு, பின்பக்கம் புகைபோக்கி போன்ற கூம்புகள் உண்டு. வெள்ளை ஆள் முன்னால் நின்று தண்ணீரைப் பார்ப்பார். சிவப்பு ஆள் பின்னால் எஞ்சின் பக்கம் இருப்பார். ஆனால் அடிப்பாகம் அகலமாக, வயிறு வைத்து இருக்கும். கட்டி முடித்ததும் அதைத் துணி துவைக்கும் பேசினில் விட்டுப் பார்ப்பார். கவிழும். பிரிப்பார், மறுபடி கட்டுவார். கட்டைகளின் அடிப்பக்கம் உள்ளீடற்றுப் பள்ளமாக இருப்பதால் அதில் காற்று தங்குகிறது என்பதை யாரும் சொல்லாமல் கண்டுபிடித்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார். "தேவி, இங்க வா. கொப்புளம் வருது பாரு. வலப்பக்கம் மூச்சு விடுது. எங்கியோ சந்து கீது." நான் குனிந்து பார்த்தேன். நானும் அவரும் ஒரு பேசினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

செட்டோடு குழி குழியாக ஒரு சாம்பல் பலகையும் இருந்தது. அது என்ன என்று அத்தைக்குச் சந்தேகமே இல்லை. "இது ஏரிதாண்டி. தண்ணி வத்தினப்புறம் சேறு. இதெல்லாம் நண்டு வள." அந்தப் பலகையைத் தரையில் வைத்து, பக்கத்தில் கலத்தை நிறுத்தி, சிவப்பு ஆளை ஒவ்வொரு குழியாக இறக்கி நண்டு பிடிக்க விடுவார். ஏழெட்டு வயதுவரை நானும் அதை நண்டு வளை என்றே நம்பினேன்.

ராக்கெட் விடும் நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுவார்கள். நைனா வீட்டில் வலையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வடக்கே ஏரிக்கு அப்பால் இருக்கும் ராக்கெட் தளத்திலிருந்து வெளிச்சம் எழும். கொஞ்சம் கழித்துச் சத்தம் வந்து பாத்திரங்கள் கிணுகிணுக்கும். நைனா உள்ளே பார்த்துக் கத்துவார்.

"அக்கா, உன் போட்டு கெளம்பிச்சு. ஓடு, ஏறிக்கோ!"

"அது என்னுது இல்லடா. என்னுது தண்ணில நிக்கும். அது நிக்குமா, கேட்டுகினு வா."

பள்ளியில் அறிவியல் பாடத்தில் விண்கலம் என்ற சொல் வந்த அன்று, வீட்டில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை மீன் அரிவதை நிறுத்தினார். "கலம்னா இன்னா?"

"கப்பல், படகு, அதுமாதிரி, அத்தை."

"புஸ்தகத்திலியே போட்டுகீதா? அப்ப மெதக்கணும். நான் சொன்னா உங்கப்பன் சிரிச்சான்." நைனா வரும்வரை காத்திருந்து, அந்தப் பக்கத்தை என்னை மறுபடி வாசிக்க வைத்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கி வந்த பிறகும் அந்தச் சொல்லின் விஷயத்தில் அத்தையைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. உண்மையில், அவர் கட்டியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் தோன்றவும் இல்லை.

சென்ற ஆண்டு சுதா அக்காவின் தாயார் இறந்துபோனார். துக்கம் விசாரிக்க அத்தையுடன் நானும் போனேன். கூடத்தில் உறவினர்கள் பழைய கதைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். சுதா அக்கா அழுகைக்கு நடுவில் சிரித்தபடி சொன்னார்: "வீடு மாத்தும்போது என் ஸ்பேஸ் செட்டைத் தூக்கிப் போட்டுட்டாங்க அம்மா. அதுக்காக அவங்களோட எவ்வளவு சண்டை போட்டிருக்கேன். போன வருஷம்கூடச் சொல்லிக் காட்டினேன். இப்ப கடையில வர்றதெல்லாம் அது மாதிரி இல்லை. அந்த மஞ்சள் கண்ணாடி வழியா ரூமையே பார்ப்பேன்."

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் ரயிலில் மீஞ்சூர் தாண்டியதும் அத்தை என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். "அந்தம்மா தூக்கிப் போடத்தான் சொன்னாங்க. நான் போடல. என் துணிப் பொட்டில வெச்சி எடுத்துகினு வந்துட்டேன்."

"வேண்டாம்னுதானே சொன்னாங்க அத்தை? அது திருட்டு இல்லையே."

"தூக்கிப் போடுன்னா குப்பையில போடறது. தூக்குல போட்டுக்கறது இல்ல." அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. "இப்ப சொன்னா பாப்பா என்ன திருடின்னு நெனைக்கும். சொல்லாம வுட்டா, செத்துப்போன அம்மாவத் திட்டிகினே கெடக்கும். பாப்பா கையில குடுத்தா என் போட்டு போச்சு. நீ படிச்சவதான, இன்னா செய்யலாம் சொல்லு."

சில நாட்கள் அத்தை அந்தத் தூக்கைத் திறக்கவே இல்லை. கலம் மட்டும் அலமாரியில் கட்டியபடியே இருந்தது. பிறகு ஒரு மாலை, "பாப்பாவுக்கு ஃபோனப் போடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். "பாப்பா, ஒருவாட்டி ஊருக்கு வா. உன்னுது ஒண்ணு எங்கிட்ட கீது" என்று மட்டும் சொல்லி என்னிடம் நீட்டிவிட்டார்.

சுதா அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஐம்பதை நெருங்கும் அவரை அத்தை பாப்பா என்றே அழைத்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அலமாரியைக் காட்டினார். சுதா அக்கா போய்க் கலத்தை எடுத்தார். சிவப்பு ஆளின் மார்பை விரலால் தடவினார். பிறகு திரும்பினார். முகத்தில் கோபம் தெரிந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே அஞ்சலைக்கா. அழுதுக்கிட்டே தெருமுனைக் குப்பைத்தொட்டி வரைக்கும் போய்த் தேடினேன். நீங்களும்தானே கூட வந்து தேடினீங்க?"

"தேடனேன் பாப்பா. சொல்லியிருந்தா வேலையும் போயிருக்கும், பேரும் போயிருக்கும்."

"அம்மா இருந்தப்பவாவது..."

"ஆமா," என்றார் அத்தை.

நான் டீ போட எழுந்து போனேன். திரும்பி வந்தபோது சுதா அக்கா தரையில் சம்மணமிட்டிருந்தார். கைப்பேசியில் அந்த செட்டின் பழைய வழிகாட்டித் தாள் படமாகத் திறந்திருந்தது. அதை எப்போதோ தேடி எடுத்து வைத்திருக்கிறார். கலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பிரிக்கட்டுமா அக்கா?" என்று கேட்டார்.

அத்தை கலத்தை ஒருமுறை பார்த்தார். "பிரி."

பிரித்தார். அவிழ்ந்த கட்டைகள் உருண்டு ஓட, அத்தை எழுந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். "அந்த வூட்ல இருந்த வரைக்கும் பொறுக்கனது பூரா நானு, கட்னது பூரா நீ" என்றார். "நான் தொடப்பம் எடுத்துகினு வர்றப்ப எல்லாத்தையும் கலைச்சிப் போட்டிருப்ப. முழுசா ஒருநாளும் பாத்ததில்ல."

"அப்ப இப்ப பாருங்க. உட்காருங்க, பொறுக்க வேணாம். நீலத்தை நீங்க எடுத்துக் குடுங்க."

இருவருமாகச் சேர்ந்து கட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் தாளில் இருந்தபடியே எழுந்தது. ஒல்லியான உடல், கூர்மூக்கு, மெல்லிய கால்கள் மேல் நிற்கும் கப்பல். அத்தை அதைக் கையில் வாங்கி, கவிழ்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இதானா?"

"இதேதான்."

"இதுக்கு அடியே இல்லியே பாப்பா!"

சுதா அக்கா வாய்விட்டுச் சிரித்தார். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. பிறகு குழிப் பலகையைக் கீழே வைத்து அதன்மேல் கப்பலை இறக்கினார். "நண்டு வள மேலியா நிறுத்துவ?" என்றார் அத்தை.

"நண்டு வளையா? அக்கா, அது நிலா!"

அத்தை பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ படிச்சவ, நீகூட ஒரு வார்த்த சொல்லல," என்று என் தோளில் அடித்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

கிளம்பும்போது சுதா அக்கா தயங்கி, "எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?" என்றார். தூக்கோடு எடுத்துப் போகச் சொன்னார் அத்தை. மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று தாமே அழுத்திப் பார்த்துக் கொடுத்தார். பேருந்து போனபிறகு, வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். "வருத்தம்னு இல்ல. பேரு கெடாம அது பூட்சி. சாயங்காலம் ஆனா கை சும்மா கெடக்கும், அதான்" என்றார்.

அதன் பிறகு சில மாதங்கள்தான் இருந்தார். சுதா அக்கா எதையாவது கட்டிப் படம் அனுப்புவார். நான் அத்தையிடம் காட்டுவேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இதுவும் முழுகிடும்னு சொல்லு" என்பார். அப்படியே எழுதி அனுப்புவேன்.

அத்தையை எடுத்தபோது பெண்கள் வழக்கம்போலத் தெருமுனையோடு நின்றுவிட்டோம். பறை ஓசை கடற்கரைப் பக்கம் நகர்ந்து போனது. சுதா அக்கா என் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் எதுவும் கொண்டுவரவில்லை. கூட்டம் கலைந்தபிறகு மெல்லக் கேட்டார்: "தேவி, அக்கா கட்டின அந்தக் கலத்தோட போட்டோ உங்கிட்ட இருக்கா?"

இல்லை. எத்தனையோ மாலைகள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் ஒரு படம் எடுக்க எனக்குத் தோன்றவில்லை. "நானும் எடுக்கலை" என்றார் அவர். "எடுக்காமலே பிரிச்சுட்டேன்."

நேற்று அவர் தூக்கோடு மறுபடி வந்தார், இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். கட்டைகளைத் தரையில் கொட்டிக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். வயிறு எவ்வளவு அகலம், இறக்கை எந்த அடுக்கில் தொடங்கும், ஏரியல் எந்தப் பக்கம் என்று நினைவிலிருந்து நான் சொல்லச் சொல்ல அவர் கட்டினார். சொல்லும்போது என் குரல் தடுமாறவில்லை. பேசினில் விட்டோம். மிதந்தது. பிறகு இடப்பக்கமாகச் சாய்ந்து, கொப்புளம் விட்டு, மெதுவாக மூழ்கியது. மூன்றாவது முறையும் அப்படியே. நைனா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அடில எதையோ வெப்பா," என்றார். "இன்னா வெச்சான்னு நான் ஒருநாளும் உள்ள வந்து பாக்கல." சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அவரும் எங்களோடு தரையில் உட்கார்ந்தார்.

அத்தை, நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். சாம்பல் கட்டையில் கனமானது எது என்று நைனா ஒவ்வொன்றாகக் கையில் வைத்து எடை பார்க்கிறார். சுதா அக்கா வெள்ளை ஆளை வலப்பக்கம் நகர்த்திவிட்டார். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள். ஆனால் எதை வைத்தீர்கள் அத்தை, எங்கே வைத்தீர்கள்? இன்னும் இடப்பக்கம்தான் சாய்கிறது.