என் காதுக்கு எட்டாத ஜால்ரா

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் தெரு பஜனைக் கோஷ்டி சனிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைக்குப் போகும். பெயரைக் கேட்டதும் உங்களுக்குக் கிரிவலம் ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. இது பெருமாள் குடியிருக்கும் சின்ன மலை. படிக்கட்டு ஓரமாக உட்கார்ந்து பாடுவோம். ஜால்ரா என் கையில் இருக்கும்.

ஜால்ரா என்றாலே ஊரில் எல்லோருக்கும் இளப்பம்தான். மில்லில் கூட, "ஏலே, சூப்பர்வைசர் வாராரு, எடுத்து அடி" என்று என்னைக் கிண்டல் செய்வார்கள். பஜனையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆர்மோனியம் கொஞ்சம் பிசகினாலும் பாட்டு ஓடிவிடும். பாடுகிறவருக்கு வரி மறந்துபோனால் பின்பாட்டுக்காரர்கள் சமாளித்துவிடுவார்கள். ஜால்ரா தடுமாறினால் மட்டும் மொத்தக் கூட்டமும் தடுமாறும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வாரம் முழுக்க நான் மிஷினுக்கு ஆள், இழை அறுந்தால் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். பஜனையில் மட்டும் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

அந்த வருஷம் என் ஜால்ராவில் நாதம் செத்துப் போனது. கணீரென்று ஒலித்துக்கொண்டிருந்தது, போகப் போகத் தகரத்தைத் தட்டியதுபோல் 'டக் டக்' என்றது. புளி போட்டுத் தேய்த்தேன், கயிற்றை மாற்றினேன், விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் புலப்படவில்லை. ஓங்கி அடித்தாலாவது சத்தம் வரும் என்று ஓங்கி அடிக்க ஆரம்பித்தேன்.

கோஷ்டியில் முன்பாட்டுப் பாடுகிற பெரியவர், "மெதுவாப் போடுலே, பாட்டே அமுங்குது" என்றார். சத்தமே வராத ஜால்ராவை வைத்துக்கொண்டு நான் படும் பாடு தெரியாமல் பேசுகிறார் என்று எனக்கு எரிச்சல். என் மேல் பொறாமையோ என்றுகூட நினைத்தேன். புரட்டாசி முதல் சனிக்கிழமை முடிந்து மலையிலிருந்து இறங்கும்போது அவர் கண்டிப்பாகவே சொல்லிவிட்டார். "அடுத்த வாரமும் இப்படித்தான்னா வேற ஆளப் பாத்துக்கிடுதோம். கோவிச்சுக்கிடாத."

 பழைய ஜால்ராவால்தானே இந்தப் பேச்சு, புதுசு வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வார லீவன்று பழையதையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். ரத வீதிப் பக்கம் ஒரு பாத்திரக் கடை. கல்லாவில் ஒரு அம்மா இருந்தார்கள், என் வயதுதான் இருக்கும். ஒவ்வொரு ஜோடியாக எடுத்துத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் அதே தகரச் சத்தம்.

"என்னம்மா, ஒண்ணுலயும் நாதம் இல்லையே. வெண்கலந்தானா இது?" என்றேன். கொஞ்சம் அதட்டலாகத்தான் கேட்டேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டு, "அண்ணே, மில்லுலயா வேலை?" என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டார்கள். ஆமாம் என்றேன். என் பழைய ஜால்ராவைக் கையில் வாங்கிக்கொண்டு, "செத்த நேரம் தெருவப் பாத்துத் திரும்பி நில்லுங்க. நான் அடிக்கேன், கேட்டதும் சொல்லுங்க" என்றார்கள்.

திரும்பி நின்றேன். பஸ் போனது, யாரோ சைக்கிளில் போனார்கள். எதிர்த்த டீக்கடையில் கிளாஸோடு நின்ற ஒருவர் நான் நின்ற கடையை எட்டிப் பார்த்தார். எனக்குப் பொறுமை போய், "எப்பம்மா அடிப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன். சாமான் வாங்க வந்தவர்கள், பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பெண் எல்லோரும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா அப்போதும் ஜால்ராவைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கிட்டே போய்க் காதை வைத்தேன், அதே 'டக் டக்'தான். அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள்.

"எங்க வீட்டுக்காரரும் மில்லுதாண்ணே. அவிய மொதல்ல என் கொலுசத்தான் கொற சொன்னாவ. நான் கொலுசே போடுறதில்லன்னு ஒரே சண்டை. பேச்சு கேக்கும், மிஷின் சத்தம் கேக்கும். மில்லு இரைச்சல்லயே நின்னா இந்த மாதிரி சன்னமா, கூர்மையா வார சத்தந்தான் மொதல்ல போவுமாம், டாக்டர் சொன்னாரு. ஒங்க ஜால்ரா நல்லாத்தான் இருக்கு. புதுசு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க. மொதல்ல காதக் காட்டுங்க. எம்புட்டுப் பஞ்சுக்குள்ள நிக்கீங்க, அதுல கொஞ்சம் காதுல வச்சா என்ன?"

அழுகை வந்தது எனக்கு. வாங்க வந்த சாமானைக் குறை சொன்னவனுக்கு அந்த அம்மா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாளே டாக்டரைப் பார்த்தேன். போனது போனதுதான், மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள் என்றார். அன்று சாயங்காலம் ஜால்ராவைப் பஜனை மடத்தில் பெரியவர் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.  அவர், "நான் ஒனக்குத் தலைக்கனம்னுல்லா நெனச்சேன்" என்று முணுமுணுத்தார்.

மிருதங்கம் வாசிக்கிறவர் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அவர்தான், "என் இடது கைப் பக்கம் 'தொம்'முன்னு வாரது கேக்குதாலே?" என்றார். கேட்கிறது என்றேன். "அது போதும். எனக்கு எதுக்க உக்காரு. காதுக்கு அது, கண்ணுக்கு என் கை. சத்தம் கூடுச்சுன்னா நான் புருவத்தத் தூக்குதேன், கொறச்சுக்கோ" என்றார். பெரியவர் ஜால்ராவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை மலையில் அப்படித்தான் உட்கார்ந்தேன். நல்ல கூட்டம். பாட்டு வேகம் எடுக்கிற நேரத்தில் படியேறிய ஜனம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே புகுந்துவிட்டது. அவர் கை தெரியவில்லை. கூட்டம் போட்ட கோவிந்தாவில் மிருதங்கச் சத்தமும் அமுங்கிப் போனது. பயத்தில் நான் அடிப்பதை நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான், முன்னால் இருந்தவர்கள் ஒரு பக்கம் ஓடினார்கள், பின்னால் இருந்தவர்கள் ஒரு பக்கம் இழுத்தார்கள். ஒரே பாட்டு இரண்டு பாட்டாகப் பிரிந்துபோனது என் காதுக்கே நன்றாகக் கேட்டது.

ஜனம் விலகியது. மிருதங்கக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் கையைப் பார்த்துப் போட ஆரம்பித்தேன். எனக்கு 'டக் டக்' என்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சிதறிப் போன குரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, ஒரே குரலாகி மலை ஏறின. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். என் ஜால்ராவின் நாதத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன், அவர்கள் பாட்டில்.

பிறகு எத்தனையோ வருஷம் பஞ்சு வைத்த காதோடு மில்லுக்கும், ஜால்ராவோடு மலைக்கும் போய்வந்தேன். இன்றைக்கும் யாராவது என்னைக் குறை சொன்னால் சுருக்கென்று கோபம் வருகிறது, அது என் சுபாவம். ஆனாலும் எதிராளியிடம் வாயைத் திறப்பதற்கு முன், ஊருக்கெல்லாம் கேட்கிற ஏதோ ஒன்று எனக்கு மட்டும் கேட்காமல் இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் பேசாமல் நின்றுவிடுகிறேன்.