அண்ணை கேட்ட மாட்டுக்காரன் பாட்டு

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கதை சோடிக்கத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன், நம்பாவிட்டால் விடுங்கள். இதை எழுதுவதற்குள்ளேயே இரண்டு தரம் எழும்பி நடந்துவிட்டேன்.

போன மாசியில் என் அண்ணை செத்துப்போனார். ட்ரக் ஓடியவர். மிசிசாகாவில் சாமான் இறக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

அண்ணி அழவில்லை. நாலு நாள். ஒரு வாய் சோறில்லை, ஒரு கதை இல்லை, கதிரையில் இருந்து சுவரைப் பார்த்தபடி. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் போடவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அண்ணையின் மகள் சர்மி, இங்கே பிறந்த பிள்ளை, என் கையைப் பிடித்தாள்.

"சித்தப்பா, அம்மா தண்ணி கூடக் குடிக்கேல்ல. ஐ ஆம் ஸ்கேர்ட். அவவும் போயிடுவாவோ?"



செத்தவீடு மண்டபத்தில். நல்ல பகல், வெளியில் பனி. எங்கள் ஆட்களின் செத்தவீட்டில் பெட்டி திறந்திருக்கும் நேரமெல்லாம் தேவாரப் பண்ணிசை மெதுவாகப் போகவேண்டும். அதற்குப் பொறுப்பு நான். என் போனில் ஏற்றிக்கொண்டு போய் வயரை மண்டபத்து ஸ்பீக்கரில் குத்தினேன். முன்னால் ஒரு கமரா, ஊரிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்கள் பார்ப்பதற்கு.

பெட்டி மூட அரை மணித்தியாலம் இருந்தது. பெண்கள் அண்ணியைச் சுற்றி நின்று, "வாய்விட்டு அழு பிள்ளை" என்று உலுப்பினார்கள். அவர் அசையவில்லை. "கல்லு மாதிரி இருக்கிறாளே" என்று பின்வரிசையில் ஒரு அன்ரி சொன்னது எனக்கே கேட்டது.

அப்போதுதான் பண்ணிசை நின்றது. ஒற்றைக் கிற்றார் சத்தம் வந்தது. பிறகு ஓர் ஆளின் குரல், இங்கிலீசில், பாடுகிறானா கதைக்கிறானா என்று பிரிக்க முடியாத குரல். என் போனில் அப்படி ஒரு பாட்டு இல்லை. சத்தியமாக இல்லை.

தூரத்துச் சொந்தம் கந்தையா அங்கிள் எழும்பினார். "உதென்னடா கவ்போய் படத்து மாட்டுக்காரன் பாட்டு? செத்தவீட்டில கூத்தே காட்டுறாய்? நிப்பாட்டடா!"

"நான் போடேல்ல அங்கிள்."

"பின்ன ஆர், பெட்டிக்குள்ள கிடக்கிறவனே எழும்பிப் போட்டவன்?"

போனை நிறுத்தினேன். பாட்டு நிற்கவில்லை. வயரை இழுத்துக் கழற்றினேன். வயர் என் கையில் தொங்குகிறது, பாட்டு போய்க்கொண்டே இருக்கிறது. அங்கிள் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்துவிட்டார்.

அண்ணி தலையை நிமிர்த்தினார். பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சண்டைக் காலத்தில் கூட நான் அப்படி ஒரு அழுகை கேட்கவில்லை.

"அவற்ற பாட்டு," என்றார். "ட்ரக்குக்குள்ள இதைத்தான் போடுவார். உந்த அலட்டலை நிப்பாட்டுங்கோ எண்டு நான்தான் ஏசுவன். நிப்பாட்டிப்போட்டு வாய்க்குள்ள பாடுவார். அது என்ன சொல்லுது எண்டு ஒருநாளும் நான் கேக்கேல்லையே."

சர்மி தாயைக் கட்டிப்பிடித்தாள். "ஒரு ட்ரைவர் பனியில மாட்டுப்பட்டுப் போனான் அம்மா. வைஃபுக்குச் சொல்லுறான். நான் வர லேட்டாகும், பாத்துக்கொண்டு இருக்காத, நீ சாப்பிடு எண்டு. தட்ஸ் இட். அவ்வளவுதான்."

பாட்டு முடிந்தது. அண்ணி தேத்தண்ணி கேட்டார். முழுதும் குடித்தார். பெட்டியை மூடினோம்.

பிறகு சர்மி அந்தப் பாட்டை இன்ரநெற்றில் தேடிப் பிடித்தாள். பழைய றெக்கோட். பாடினவனை யாருக்கும் தெரியாது, கேட்டவர்களும் கொஞ்சப் பேர்தான். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனாலும் பஸ்ஸில் அதைக் கேட்டுக்கொண்டிருந்து இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

மண்டபத்தின் மற்ற அறையில் யாரோ போட்டிருப்பார்கள் என்கிறான் பேக்கரியில் ஒருவன். நானும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஒரு கிழமை கழித்து, கமராவில் செத்தவீடு பார்த்த அக்கா லண்டனிலிருந்து போன் எடுத்தார்.

"பண்ணிசை நல்லாப் போட்டனி தம்பி. ஆனா கந்தையா அங்கிளுக்கு என்ன விசரே? பண்ணிசையைப் போய் மாட்டுக்காரன் பாட்டு எண்டு கத்துறார்."

அந்தக் கமரா பிடித்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அங்கிள் கத்துகிறார். வயர் என் கையில் தொங்குகிறது. வயர் கழன்ற பிறகும் பண்ணிசை ஓரிடத்திலும் நிற்கவில்லை. இங்கிலீசுப் பாட்டு ஒரு வரி கூட இல்லை.

அதையும் விடுங்கள். அண்ணி தலை நிமிர்த்தியபோது ஸ்பீக்கரைத்தான் பார்க்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். வீடியோவில் அவர் பார்ப்பது என்னை. நான் வயரோடு நிற்கிறேன். என் வாய் அசைகிறது. என் பக்கத்தில் இருந்து வீடியோவைப் பார்த்த சர்மி வெளிறிப்போனாள்.

"சித்தப்பா, வாயைப் பாருங்கோ, நீங்கள் அந்தப் பாட்டைத்தான் பாடுறீங்கள். வேர்ட்ஸ் எல்லாம் சரி."

அங்கிளுக்குச் சொன்ன அந்த ஒரு பதிலைத் தவிர நான் அங்கே வாய் திறந்த ஞாபகமே இல்லை.

அண்ணி இப்போது சாப்பிடுகிறார். வேலைக்கும் போகிறார். நான் அங்கே போனால் வாங்கோ என்று கதவு திறப்பார், தேத்தண்ணி தருவார், எல்லாம் முந்தி மாதிரித்தான். ஆனால் என் கண்ணைப் பார்த்துக் கதைப்பதில்லை. நான் சும்மா இருக்கும்போதும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.