வல்லம் தாண்டியதும் ஒரு செய்தி

செல்போன் மணி அடித்தால் எடுப்பதற்கு எனக்கு இன்னமும் பயம். போன கோடையில் ஒரு மாலை, திரையில் என் மகளின் பெயர் வந்தது. எடுத்தால் முன்பின் தெரியாத ஓர் ஆண்குரல். "சார், வல்லம் பக்கத்துல இந்தப் பொண்ணு வண்டியோட வுழுந்துடுச்சு."

திண்டிவனத்தில் இங்கிலீஷ் வகுப்பு முடித்து ஸ்கூட்டியில் செஞ்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். குறுக்கே ஒரு நாய். தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று.

நர்சிங் முடித்தவள். வெளிநாட்டு வேலைக்கு இங்கிலீஷ் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். கட்டுப்போட்ட கையோடு அவள் வீட்டில் இருந்த நாட்களில், நான்தான் பாடத்தாளைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டேன். ஒரு வாரம் முழுக்க 'கெட்' என்ற ஒற்றை வினைச்சொல். கெட் அப் என்றால் எழுந்திரு, கெட் ஆன் என்றால் பஸ்ஸில் ஏறு, கெட் அலாங் என்றால் ஒத்துப்போ.

"இன்னா நைனா இது, ஒரு வார்த்தைய வெச்சிக்கினு ஊரையே சுத்துறானுங்க."

"நாம மட்டும் இன்னாவாம்? டீ போடுறோம், கோலம் போடுறோம், ஊசி போடுறோம், சண்டை போடுறோம்."

"நீ மொக்கை போடுற. அதையும் சேத்துக்கோ."

"ரெண்டு பேரும் பேசுனது போதும், வந்து தட்டைப் போடுங்க" என்றாள் அடுப்படியிலிருந்து என் மனைவி.

பஸ்ஸைவிட்டு இறங்குவதை நான் ஆயுசு முழுக்க கெட் டவுன் என்றே சொல்லி வந்தவன். கெட் ஆஃப் என்று திருத்தி, "நைனா ஃபெயிலு" என்று சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கட்டுப் பிரித்ததும் மறுபடி வகுப்புக்குப் போகிறேன் என்றாள்.

"வூட்லயே ஆன்லைன்ல படியேம்மா."

"பரிச்சையில எதிர்ல ஒரு ஆளு உக்காந்து கேப்பாங்க நைனா. எத்தினி நாளு உங்கிட்டயே பேசுறது? பஸ்லதான போறேன்."

என் முகத்தைப் பார்த்து அவளே ஒரு வழி சொன்னாள். போன் பண்ண மாட்டாள். ஏறியதும், வல்லம் தாண்டியதும், இறங்கியதும் 'கெட்' வைத்து எனக்கு ஒவ்வொரு செய்தி அனுப்புவாள். அவளுக்குப் பயிற்சி, எனக்கு நிம்மதி.

முதல் நாள் பஸ் நிலையத்தில் நின்றேன். ஜன்னலோரம் அவள் கண்ணெதிரே தெரியும்போதே ஏறிவிட்டேன் என்பதற்கு 'காட் ஆன்' என்று செய்தி வந்தது. பஸ் கிளம்பிப் போனது. எதிரே டீக்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு அடுத்த செய்திக்குக் காத்திருந்தேன். வல்லம் வந்திருக்கும். தாண்டியும் இருக்கும். தாண்டிவிட்டேன் என்கிற 'காட் பாஸ்ட்' வரவில்லை. டீயில் ஆடை படிந்துவிட்டது. அவளைக் கூப்பிடவும் பயம். மறுபடி வேறு யாராவது எடுத்தால்?

ஒருவழியாகப் போன் அதிர்ந்தது. 'காட் ஆஃப்.' திண்டிவனத்தில் இறங்கிவிட்டாள். தொடர்ந்து தமிழில் இன்னொன்று: "வல்லம் வந்ததே தெரில நைனா. காத்து நல்லா அடிச்சுதா, தூங்கிட்டேன். டென்ஷன் ஆயிட்டியா?"

தினமும் என் தூக்கத்தில் வருகிற அந்த இடத்தை அவள் தூங்கிக்கொண்டே கடந்திருக்கிறாள். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தேன். "இல்லம்மா" என்று பொய் எழுதினேன்.

"சாயந்தரம் ஸ்டாண்டாண்ட வந்து நிக்காத. நானே வந்துடுவேன்" என்று வந்தது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது: கெட் பேக் என்றால் திரும்பி வா. அதை வீட்டில் உட்கார்ந்தே படித்துக்கொள்கிறேன் என்று பதில் எழுதி அனுப்பினேன்.