அறுபது பேர் பார்க்கிறார்கள்

கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டிகளுக்கு இப்போது வர்ணனை சொல்கிற பையன்களைக் கேட்டால் எனக்குத் தலைவலி வருகிறது. "அண்ணய்யா, சூடு சூடு! கொட்டேசாடு!" என்று, பார், பார், அடித்துவிட்டான் என்பதையே தெலுங்கில் தொண்டை கிழியக் கத்துகிறான் ஒருவன். யார் அடித்தான், யாரை அடித்தான், எதற்காக இப்போது அடித்தான், ஒன்றும் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அதற்கும் மேலே கத்துகிறான். அடுத்த அறையிலிருந்து கேட்டால் ஏதோ பஸ் ஸ்டாண்டில் சண்டை என்றுதான் தோன்றும். வர்ணனை என்றால் திரையைப் பார்க்காதவனுக்கும் ஆட்டம் புரிய வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி நானே அலுத்துப்போய்விட்டேன். வருஷக்கணக்காக நான் அப்படித்தான் வர்ணனை சொன்னேன். யார் கேட்டார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

எங்கள் ஊர் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய விஜயபுரம் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். நைனா, அதாவது அப்பா, அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கி என்னையும் என் தம்பியையும் வளர்த்தார். பிறகு எப்படியோ கொஞ்சம் நிலம் சொந்தமாக வந்தது. நாங்கள் படிக்கத் திருப்பதிக்கு வந்தபோது எல்லார் வீட்டிலும் பிள்ளையை இஞ்சினியர் ஆக்கியே தீருவது என்று நின்றார்கள். தெருவுக்குத் தெரு இன்டர்நெட் சென்டர் திறந்தார்கள். பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போனவன் அங்கேயே விளையாட உட்கார்ந்துவிட்டேன். இஞ்சினியர் ஆகவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷனில் சேர்ந்தேன். சாமி பார்க்க வருகிறவர்களுக்கு வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வது என் வேலை. தம்பி டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு ஏ.சி. மெக்கானிக்காகக் குவைத்துக்குப் போனான்.

அந்த விளையாட்டை நாங்கள் கோட்டை ஆட்டம் என்போம். ஒரு பெரிய வரைபடம், எதிரெதிர் மூலையில் இரண்டு பேர். காடு வெட்டி, வயல் போட்டு, தங்கம் தோண்டி, கோட்டை கட்டி, படை திரட்டி எதிராளியை ஒழிக்க வேண்டும். எதிராளி என்ன செய்கிறான் என்று ஆடுகிறவனுக்குத் தெரியாது, வேடிக்கை பார்க்கிறவனுக்குத் தெரியும். மூளையைப் போட்டுக் கசக்குகிற ஆட்டம். சில நாள் ஒரு ஆட்டம் முடிவதற்குள் மாலை போய்விடும்.

எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இந்த ஆட்டத்தில் ஒரு பைத்தியம் உண்டு. உட்கார்ந்ததும் வயல் போடுவார்கள். திருப்பதிப் பையன்கள் முதலில் நாலு வீரர்களைத் தயார் செய்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார்கள். எங்களுக்கோ மண்ணைக் கண்டால் கை நிற்காது. தாத்தா காலத்தில் காலடி நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்? என் தம்பிதான் அதில் முதல் ஆள். வரிசை வரிசையாக வயல் போட்டு, அதற்கு வேலியும் கட்டுவான்.

"டேய், மொதல்ல படை கட்டுடா," என்று பின்னாலிருந்து கத்துவேன்.

"இருணா, வேலி முடிச்சிட்டு கட்டறேன். மாடு வந்துட போவுது," என்பான்.

அந்த ஆட்டத்தில் மாடே கிடையாது. வேலி முடிவதற்குள் எதிராளியின் குதிரைகள் வந்து எல்லாவற்றையும் மிதித்துவிட்டுப் போகும். தோற்றுவிட்டு எழுந்து வருகிறவன், வயல் எவ்வளவு நேராக இருந்தது பார்த்தாயா என்று என்னிடமே கேட்பான்.

நான் வர்ணனை சொல்ல ஆரம்பித்தது அந்த சென்டரில்தான். பின்னால் நின்றவர்களுக்குத் திரை தெரியாது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று தோளைச் சுரண்டுவார்கள். எரிச்சல் தாங்காமல் ஒருநாள் திரும்பி நின்று உரக்கச் சொன்னேன். இடது பக்கம், மேல் மூலை என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அதனால் ஊர்ப் பெயர் வைத்தேன். ஒரு மூலை சித்தூர், எதிர் மூலை சத்தியவேடு, நடுவில் புத்தூர், தண்ணீர் இருக்கிற இடம் பிச்சாட்டூர் ஏரி. "சித்தூர்க்காரன் குதிரை புத்தூரைத் தாண்டிடுச்சு, ஏரிக்கரை வழியா போய்க்கினு கீது, சத்தியவேட்டுக்காரன் இன்னும் வயல்ல நாத்து நட்டுக்கினு கீறான்," என்பேன். பாதி வாக்கியத்தில் தெலுங்குக்குத் தாவுவேன், திரும்பி வருவேன். அங்கே யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. திரையைப் பார்க்காமலே கூட்டம் கைதட்டியது. எனக்கு அது பிடித்துப்போயிற்று என்பதை மறைப்பானேன்.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். படித்தவர்கள் பெங்களூருக்கு, படிக்காதவர்கள் குவைத்துக்கு, இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள் சென்னைக்கு. சென்டர் செல்போன் கடையாக மாறியது. நான் மட்டும் ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் வாங்கி, இணையத்தில் சேனல் ஆரம்பித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கோட்டை ஆட்டப் போட்டிகளுக்கு வர்ணனை சொன்னேன். தம்பிக்குக் குவைத்தில் வெள்ளிக்கிழமைதான் லீவு, அதனால் அந்தக் கிழமை. ஆரம்பத்தில் நல்ல கூட்டம். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பழைய பையன்கள் வந்து கேலி பேசுவார்கள்.

அப்புறம் செல்போனைக் கையில் வைத்து ஆடுகிற துப்பாக்கி விளையாட்டு வந்தது. டீ ஆறுவதற்குள் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். யோசிக்க ஒன்றுமில்லை, சுட வேண்டியதுதான். கோட்டை ஆட்டத்தைச் செய்த கம்பெனியே அதை மறந்துவிட்டது. ஆடுகிறவர்கள் குறைந்தார்கள், பார்க்கிறவர்கள் இன்னும் வேகமாகக் குறைந்தார்கள். திரையின் ஓரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஒரு எண் தெரியும். அது ஒன்பதுக்கு வந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை. "பத்து பேர்கூட இல்லைன்னா நான் எதுக்குத் தொண்டை கிழியப் பேசணும்? இப்படியே போனா மூட்டை கட்டிடுவேன்," என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அறுபது பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரமும் ஏறக்குறைய அதே அறுபது. ஊரெல்லாம் அந்த ஆட்டத்தை விட்டு ஓடிக்கொண்டிருந்தபோது என் அறுபது பேர் மட்டும் அசையவில்லை. ஒருவரும் ஒரு வார்த்தை எழுதுவதில்லை. விஷயம் தெரிந்தவர்கள் அப்படித்தான், சத்தம் போட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தரமான வர்ணனைக்கு எப்போதும் ஆள் உண்டு என்று லாட்ஜில் துண்டு கேட்டு வந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது. துப்பாக்கி விளையாட்டுப் போட்டிகள் நடத்துகிற கம்பெனி. தமிழும் தெலுங்கும் பேசுகிற வர்ணனையாளர் வேண்டுமாம். மாதச் சம்பளம், தங்க வீடு. போய்ப் பேசிக் காட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், "இன்னும் எனர்ஜி வேணும் ப்ரோ," என்றார். கத்தினேன். "இன்னும்," என்றார். வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். வேலை உங்களுக்குத்தான், ஒரு வாரத்தில் சொல்லுங்கள் என்றார்கள்.

என் மனைவி சித்தூர்க்காரி, அதிகம் பேச மாட்டாள். அன்றைக்குப் பேசினாள். "லாட்ஜ் வேலையில நீங்க கரைஞ்சி போறீங்க. அங்க போனா பொண்ண நல்ல ஸ்கூல்ல சேர்க்கலாம். கத்தறதுக்கு சம்பளம் தர்றாங்கன்னா கத்திட்டு வாங்களேன்."

"எனக்குன்னு அறுபது பேர் கீறாங்க. அவங்கள விட்டுட்டு வர முடியாது," என்றேன்.

பெங்களூர்க்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு வெள்ளிக்கிழமை நான் மைக்கை எடுத்தால் அவள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள்.

அடுத்த வருஷம் தம்பி லீவில் வந்தான். வெள்ளிக்கிழமை என் பக்கத்திலேயே கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். சேனலைத் திறந்தேன். மூன்று பேர். நெட் கோளாறு என்று வயரைப் பிடுங்கிச் சொருகினேன். மூன்று பேர். அடுத்த வாரம் இரண்டு. நெட் கனெக்ஷன் கொடுத்தவனுக்குப் போன் போட்டு, தெலுங்கில் எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் திட்டித் தீர்த்தேன். போனை வைத்ததும் தம்பி, "நெட்டு மேல கோச்சிக்காதணா," என்றான்.

"பின்ன யார் மேல கோச்சிக்கறது? அறுபது பேர்டா! எங்க போனாங்க?"

"எங்கயும் போவல. நான் இங்க கீறேன் இல்ல, அதான்."

எனக்குப் புரியவில்லை. அவன் உரித்த கடலையைத் தட்டிலேயே போட்டுவிட்டுச் சொன்னான். குவைத்தில் அவர்கள் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்ப்பில் நகரி, புத்தூர், சத்தியவேடு ஆட்கள் நிறையப் பேர். நான் மூட்டை கட்டுவதாகச் சொன்ன அன்று அவன் அறை அறையாகப் போய், எல்லார் போனிலும் என் சேனலைப் போடச் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சார்ஜரில் சொருகி, என் சேனலை ஓடவிட்டு வைத்துவிடுவார்களாம். அவன் இங்கே வந்துவிட்டதால் போடச் சொல்ல ஆளில்லை.

"எல்லாரும் கேக்கறாங்களா?"

"ஒரு போன்லதான் சத்தம் வெப்போம். மத்ததெல்லாம் சும்மா நம்பருக்கு."

"அந்த ஒரு போன்ல சொல்றத கேக்கறீங்களா?"

தம்பி பொய் சொல்லத் தெரியாதவன். தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மொதல்ல கேட்டோம்ணா. அப்புறம், மத்தியானம் சோறு துன்னுட்டு படுப்போமா, நீ பேசிக்கினே இருப்ப, அப்படியே தூங்கிடுவோம். நல்லா தூக்கம் வரும்."

என் வர்ணனையைப் பற்றி அதுவரை யாரும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. "அந்த நம்பர பாத்துதான்டா நான் பெங்களூர் வேலைய விட்டேன்," என்று கத்தினேன். பெங்களூர்க்காரர் கேட்ட எனர்ஜி அப்போது என்னிடம் இருந்தது.

அவன் முகம் மாறிவிட்டது. "பெங்களூர் வேலையா? அத்த நீ எனக்கு சொல்லவே இல்லயேணா," என்றான். "நிறுத்திட்டா உனக்கு இன்னா கீதுன்னுதான் பண்ணேன்."

அவனுக்கு நான் சொல்லவில்லைதான். போனில் நாங்கள் துன்னியா, தூங்கினியா, நைனா எப்படி இருக்கார் என்பதோடு சரி. என் மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குத்திக்காட்டாமல் கடலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் வெட்கத்தை விட்டு பெங்களூருக்குப் போன் செய்தேன். அந்த இடத்துக்கு அப்போதே வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். நல்ல எனர்ஜி உள்ள பையன் என்றார் அவர்.

தம்பியைச் சென்னையில் விமானம் ஏற்றிவிடப் போனேன். உள்ளே போகும்போது, "இனிமே எவன் போன்லயும் போடாத," என்றேன். சரி என்று தலையாட்டினான். அந்த வெள்ளிக்கிழமை சேனலைத் திறந்தேன். ஐந்து, பன்னிரண்டு, முப்பது என்று எண் ஏறி அறுபதில் வந்து நின்றது. எத்தனை நாள் அந்த எண்ணைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன்! இப்போது ஒவ்வொரு எண்ணும் ஒரு சார்ஜராகத் தெரிந்தது. ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இத்துடன் சேனல் முடிகிறது, நன்றி என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அணைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை லாட்ஜிலிருந்து நேராக வந்து கட்டிலில் படுத்தேன். மைக்கை ஒரு பையில் போட்டு மனைவி பரணில் வைத்திருந்தாள். பெண் ஆச்சரியமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் குவைத்திலிருந்து போன் வந்தது.

"இன்னாணா, தொறக்கலியா?"

"அது முடிஞ்சு போச்சுடா. நம்பர் ஏத்தினது போதும். விடு."

அந்தப் பக்கம் யார் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நம்பருக்கு இல்லணா. ஒரு போன்ல வெச்சா போதும். சாப்ட்டு ரொம்ப நேரம் ஆச்சு, எல்லாரும் பொரண்டுக்கினே கீறாங்க. ரூம்ல ஒருத்தனுக்கும் தூக்கம் வரல."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாரமெல்லாம் வெயிலில் ஏ.சி. மாட்டிவிட்டு லீவு நாளில் படுத்திருக்கிறவர்களிடம் தரத்தைப் பற்றி நான் என்ன பேச முடியும்?

"இருடா," என்றேன். "கம்ப்யூட்டர் ஆன் ஆவ கொஞ்ச நேரம் ஆவும்."

மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்குப் போட்டி எதுவும் இல்லை. பழைய ஆட்டம் ஒன்றைத் தேடிப் போட்டேன். திரை ஓரத்தில் ஒருவர் பார்க்கிறார் என்று வந்ததும், குரலை இறக்கிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன்.