நிற்காத கூட்டத்துக்கு ஒரு பாட்டு

பௌர்ணமியன்று பாட்டை வெளியிடலாம் என்று சொன்னவன் நான்தான். இப்படி ஒரு மடத்தனமான யோசனை எங்கள் ஊர்க்காரனுக்குத்தான் வரும். இட்லிக் கடை திறப்பதானாலும் செருப்புக் கடையில் தள்ளுபடி போடுவதானாலும் திருவண்ணாமலையில் பௌர்ணமி பார்த்துத்தான் செய்வார்கள். அவ்வளவு ஜனம் வேறு எப்போது வரும்?

தொண்ணூறுகளின் கடைசி. நானும் கீழ்பென்னாத்தூர் நண்பன் ஒருவனும் சேர்ந்து ஒரு பாட்டு போட்டிருந்தோம். அவன் வேர்க்கடலை பயிரிடுகிற வீட்டுப் பையன். ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையைக் காலி செய்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன கிடாரில் தானாக வாசிக்கக் கற்றவன். நான் கோயில் குருக்கள் வீட்டுப் பையன். எழுதியதும் பாடியதும் நான். கடைசி பஸ்ஸைக் கோட்டைவிட்டவன் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு காதலியைத் திட்டுகிற பாட்டு. வேலூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்தோம். கேசட்டின் இரண்டு பக்கமும் அந்த ஒரே பாட்டுதான். வெளிநாட்டில் அப்படித்தான் வெளியிடுவார்கள் என்றான் நண்பன்.

"ஒரு பாட்டுக்கு ஒரு கேசட்டா? மீதி பாட்டெல்லாம் எங்கடா?" என்று கேட்டார் அவன் அம்மா.

எனக்கு அது விளையாட்டு இல்லை. கோயிலில் எங்கள் குடும்பத்துக்குப் பூஜை முறை உண்டு, குருக்கள் வீடுகள் மாறி மாறிக் கருவறையில் பூஜை செய்கிற முறை. அப்பாவுக்கு முட்டி வலி வந்துவிட்டது. அடுத்த முறைக்கு நான் கருவறையில் நிற்க வேண்டும் என்றார்.

"பாட்டு நன்னா போச்சுன்னா மெட்ராஸுக்குப் போ, தடுக்கலை. போகலைன்னா வந்து முறையைப் பாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார். தலையாட்டிவிட்டேன். சாமி மேல் எனக்கு ஒரு வெறுப்பும் கிடையாது. ஆனால் அந்தப் புழுக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கில், ஆயுள் முழுக்க நிற்பதை நினைத்தாலே எழுந்து ஓடத் தோன்றியது. தப்பிக்க எனக்கிருந்த ஒரே வழி அந்தப் பாட்டு.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, நண்பனின் தாய்மாமன் கேசட் கடை வைத்திருந்தார். நாலு சாமி பாட்டுக்கு நடுவே எங்கள் பாட்டைப் போட ஒத்துக்கொண்டார். சென்னையிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரரும் வந்திருந்தார். எங்களுக்காக வரவில்லை, கிரிவலம் முடித்துவிட்டு, போகிற போக்கில் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பாட்டு நல்லாருக்கான்னு நான் கேக்க மாட்டேன் தம்பி. ஜனம் நிக்குதான்னு பாப்பேன். நின்னா பத்து பாட்டு போட்டு முழு கேசட்டா கொண்டாந்துடலாம்."

வெயில் தாழ்ந்ததும் கூட்டம் ஆறாக வர ஆரம்பித்தது. பாட்டைப் போட்டோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிரிவலம் போகிறவன் நிற்க மாட்டான். முதல் வரியைக் கேட்டவர்கள் பல்லவி முடிவதற்குள் கடையைத் தாண்டியிருந்தார்கள். சரணத்தைக் கேட்டவர்களுக்குப் பல்லவி தெரியாது. அத்தனை ஆயிரம் பேரில் ஒரு ஆள்கூட முழுப் பாட்டைக் கேட்கவில்லை. கம்பெனிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கடையிலிருந்த பேட்டரி டேப் ரெக்கார்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கிவிட்டேன். அவர்கள் நிற்காவிட்டால் என்ன, பாட்டு நடக்கட்டும். சத்தத்தைக் கூட்டிவைத்து அவர்கள் வேகத்துக்கே நடந்தேன்.

"சாமி பாட்டு போடுப்பா," என்று ஒரு பெரியவர் முறைத்தார். ஆனால் பக்கத்தில் வந்த நாலைந்து காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். பாட்டு முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட்டேன். இரண்டாவது முறை அவர்கள் பல்லவியைக் கூடவே பாடினார்கள். இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு அம்மா, "இன்னொரு வாட்டி போடுங்க தம்பி, இவன் அழாம வரான்," என்றார். பின்னால் வந்தவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். இதுதான், இதைத்தான் அந்தக் கம்பெனிக்காரர் பார்க்க வேண்டும்.

அப்படியே திரும்பி நின்றேன். கடையின் ட்யூப்லைட் அங்கிருந்தே தெரிந்தது. கொஞ்ச தூரம்தான். பையன்களைக் கூப்பிட்டால் வந்திருப்பார்கள்.

என் கால் நகரவில்லை. கிரிவலத்தில் எதிர்த்திசையில் நடக்கக் கூடாது. கிளம்பிவிட்டால் மலையைச் சுற்றித்தான் கிளம்பிய இடத்துக்கு வர வேண்டும். யாரும் என்னைத் தடுக்கவில்லை. போடா, போய் அவரைக் கூப்பிடு என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை.

கடைசியில் முன்னால் ஓடினேன். டேப் ரெக்கார்டரோடு, வெறுங்காலோடு, குபேர லிங்கம் தாண்டி, ஊருக்குள் புகுந்து, ராஜகோபுரத்தைத் தாண்டி, செங்கம் ரோடு வழியாக மலையையே சுற்றி ஓடினேன். சீக்கிரம் போனால் அவரைப் பிடித்துவிடலாம் என்று நிஜமாகவே நம்பினேன். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஜனம் வழிவிட்டது. ஒருவர் "அரோகரா" என்றார். பாதி வழியில் பேட்டரி இறங்கி, என் குரல் இழுத்து இழுத்து அழுவதுபோல் ஆகி நின்றுபோனது. அப்புறம் மூச்சிரைப்புதான் கேட்டது.

கடைக்கு வந்து சேர்ந்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது.

"அப்பவே பஸ்ஸுக்குப் போயிட்டாரு," என்றான் நண்பன். "ஒருத்தரும் நிக்கலையேன்னாரு."

"பாடினாங்கடா. கைதட்டினாங்க. இங்கதான், வாயு லிங்கம் தாண்டினதும்."

"அங்கியா? கூப்பிட்டா கேக்கற தூரம்டா அது! திரும்பி வர்றதுக்கு என்ன?"

"நடுவுல எப்படிடா திரும்பறது?"

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அப்ப நீ எதுக்குடா மெட்ராஸுக்கு வரேன்னு சொன்ன?" என்றான்.

கொப்பளித்திருந்த பாதத்தைப் பார்த்துக்கொண்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன். எங்கள் பூஜை முறை வந்தபோது அப்பா என்னைக் கூப்பிடவே இல்லை. நானாகக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.