எஸ்தர் சிஸ்டர் வாங்கி வரச் சொன்ன ஐஸ்

எஸ்தர் சிஸ்டர் தவறிவிட்ட செய்தியை நாகலூர் பஸ் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். நான் கணக்கெழுதும் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, "ரைட்டருங்களே, நம்ம சிஸ்டர் போயிட்டாங்க" என்றார். ஏற்காட்டில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள், திட்டு வாங்கியவர்கள் எல்லோருக்கும் இந்தப் பத்திரிகை வழியாகச் சொல்கிறேன்: அவருக்காக அழ உங்களைவிட எனக்கு உரிமை அதிகம்.

மூன்று வருடங்களுக்கு முன் எனக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சு நின்றது, எச்சில்கூட இறங்கவில்லை. எதைக் கொடுத்தாலும் புரையேறியது. ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்றாம் நாளே, நான் பிழைக்க மாட்டேன் என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். போகிற உயிர் வறண்ட தொண்டையோடு போகக் கூடாதென்று, என் தம்பி முருகேசன் ஒரு டம்ளர் பாலோடு கட்டிலருகே வந்தான். அந்தப் பால் எதற்கென்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாய்தான் வரவில்லை.

அப்போது சிஸ்டர் உள்ளே வந்து டம்ளரைப் பார்த்தார். அவர் சத்தம் போட்டால் டாக்டரே ஒதுங்கி நிற்பார். அன்று சத்தம் போடவில்லை. "ஏனுங்க தம்பி, பாலை அங்க வெச்சுட்டு ஏரிக்கரைக் கடையில ஐஸ் வாங்கிட்டு வாங்க. அண்ணனுக்கு அவசரமா வேணுமுங்க" என்றார். அவன் ஓடினான்.

அன்றே மூக்கில் குழாய் போட்டு ஆகாரம் கொடுத்தார்கள். சிஸ்டர் ஐஸில் குளிர்ந்த கரண்டிக் காம்பால் என் உள்தொண்டையின் இருபக்கமும் தொட்டு, "முழுங்குங்க" என்பார். நாளுக்கு நாலைந்து வேளை இதே பாடு. வெளிநாட்டில் தலைமேல் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டித் தொண்டையை அசைய வைக்கிறார்கள் என்றும், மூளையின் ஒரு பக்கம் அடிபட்டால் மறுபக்கம் விழுங்கப் பழகிக்கொள்ளும் என்றும் டாக்டர் சொன்னார்.

"காந்தம் அவங்ககிட்டயே இருக்கட்டுமுங்க டாக்டர். நாம தொண்டையத் தட்டி மூளைய எழுப்பலாமுங்க" என்றார் சிஸ்டர்.

கரண்டிதான் எழுப்பியதா, மூளை தானே பழகியதா, டாக்டருக்கே நிச்சயமில்லை. பன்னிரண்டாம் நாள் என் தொண்டை ஏறி இறங்கியது. கெட்டியான கேழ்வரகுக் கஞ்சியில் முதல் அரைக் கரண்டியைத் தம்பியையே ஊட்டச் சொன்னார் சிஸ்டர். "தாடைய நெஞ்சுப் பக்கம் எறக்குங்க ரைட்டரே. அவசரமே இல்லீங்க." விழுங்கினேன். தம்பி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அந்தப் பாலை ஊற்றியிருந்தால் அது நுரையீரலுக்குள் போய் என்னை முடித்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். இன்னொன்றும் சொன்னார். தடுப்பூசி மருந்துக்காக ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜில் எப்போதும் ஐஸ் இருக்குமாம். பிறகு ஏன் தம்பியைக் கடைக்கு ஓடவிட்டீர்கள் என்று சிஸ்டரிடமே போய்க் கேட்டேன்.

"உங்க தம்பி நொம்பப் பாசக்காரருங்க. பால ஊத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்னு அவருகிட்டப் போயி எதுக்குங்க சொல்லணும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஐஸுக்கு ஓடி அண்ணனைக் காப்பாற்றிய கதையைத் தம்பி இன்றும் நாகலூர் கடைகளில் சொல்கிறான். ஒவ்வொரு தடவையும் ஓடிய தூரம் கொஞ்சம் கூடுகிறது. நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். சிஸ்டரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்தத் தலையாட்டல்தான். அவன் பத்திரிகை படிப்பவனில்லை. உங்களில் அவனைத் தெரிந்தவர்கள், தயவுசெய்து நீங்களும் தலையாட்டிவிடுங்கள்.